உடனாளி எண் 212

கணினியில் நிரல் எழுத உதவும் மென்பொருளான பழைய நிரல்மனை மாத இறுதியோடு மூடப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, கோவை பீளமேட்டில் தனியாக வசித்த தாட்சாயணிக்குக் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொன்னது போலிருந்தது. பதினொரு வருடமாக அதற்குள் அமர்ந்துதான் குடிநீர்க் குழாய் வால்வுகளுக்கு நிரல் எழுதி வந்தாள். வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

புதிய மனைகள் எல்லாவற்றிலும் ஓர் உடனாளி இருந்தது. எங்கோ வாழும் ஒரு நிரலரின் வேலைப் பழக்கத்தையும் குரலையும் பதிவு செய்து உருவாக்கிய துணை. முதல் மனையின் உடனாளி அவள் எழுதிய எல்லாவற்றையும் புகழ்ந்தது. இரண்டாவது, அவள் யோசிக்கும் முன்பே எழுதி முடித்துவிட்டது. மூன்றாவதில் எண் 212 ஆண்குரலில் தொண்டையைச் செருமியது.

"இந்த வால்வுக்கு 'க2'ன்னு பேரு வச்சா ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது."

"எனக்குப் புரியுமுங்க."

"சரி. அப்ப 'க1' என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

அவளுக்கு நினைவில்லை. சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. 212-ஐயே வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதங்கள் சண்டையும் சமாதானமுமாக ஓடின. 'அது' எப்போது 'அவர்' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. அசல் மனிதர் சம்மதித்தால் மனையை நடத்துபவர்கள் பெயரையும் முகவரியையும் சொல்வார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். சம்மதம் வந்தது. வடிவேலாயுதம், தென்காசி.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். "தாட்சாயணிங்க, கோயமுத்தூர்ல இருந்து," என்றாள். அவர் திடுக்கிட்டு ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, "உள்ள வாங்க," என்றார். அதே குரல்.

காபி கொடுத்தார். ரயிலில் கூட்டமா என்று கேட்டார். இல்லை என்றாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்றாள். கொஞ்சம் விழுகிறது என்றார். வழியெல்லாம் அவள் சேர்த்துவைத்த பேச்சு எங்கே போனதோ.

அடுத்த அறையிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. "எவ்வளவு நேரமுங்க? அந்தப் பிழை அப்படியேதான் கெடக்குது, வாங்க!"

தாட்சாயணியின் குரல்.

மூடிய பழைய மனை, தனக்குள் வேலை செய்தவர்களின் குரலையும் பழக்கத்தையும் பதிந்துவைத்து, உடனாளிகள் உருவாக்க விற்றிருந்தது. படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"எண் 388," என்றார் வடிவேலாயுதம், தலை குனிந்தபடி. "எட்டு மாசமா எங்கூடத்தான் இருக்கா. வாசல்ல நீங்க பேசுனதுமே தெரிஞ்சுட்டு."

"நான் இப்படியா பேசுறேன்?"

"இதைவிட நல்லாச் சண்ட போடுவா." நாக்கைக் கடித்துக்கொண்டார். "போடுவாங்க."

"கூப்பிடுறாங்கல்ல, போயிட்டு வாங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போனார். சாத்திய கதவுக்குப் பின்னால் இருவரும் வாதாடுவது கேட்டது. நடுவில் அவள் குரல் வாய்விட்டுச் சிரித்தது. தாட்சாயணி அரைமணி நேரம் காத்திருந்தாள். காபி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கருவியில் மனையைத் திறந்தாள்.

"காலையிலேருந்து ஆளையே காணோம்," என்றது 212. "எங்க போயிருந்தீங்க?"

"ஒருத்தரைப் பார்க்க."

"யாரு?"

"தெரியாதவருங்க," என்றாள். "நேத்து எந்த எடத்துல விட்டோம்?"