ஊதல் குகையில் விட்ட ஏழு காசு

"தண்ணி குடிக்கறீங்களா சார்?"

கொல்லிமலையில், மிளகுக்கொடி படர்ந்த ஒரு வீட்டு வாசலில் நின்று அறப்பளி இப்படிக் கேட்டதும் மாதேஸ்வரனுக்குக் காது மடல் வரை சூடேறியது. சாராம், சார்! பத்து மாதத்துக்கு முன்புவரை "டேய் மாதேசு" என்று தோளில் கை போட்டவன் அவன். அந்தக் கையைத் தட்டிவிட்டது யார்? சாட்சாத் மாதேஸ்வரனேதான்.

அக்கா மங்கையர்க்கரசி தம்பியின் முதுகில் ஒற்றை விரலால் ஒரு குத்து விட்டாள். தபால் ஆபீஸில் பதினைந்து வருஷமாக முத்திரை குத்திப் பழகிய கை அது. வலிக்காமல் இருக்குமா?

"வாயத் தொறடா! எழுவது கொண்டை ஊசி வளைவுலயும் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தியே!"

"அறப்பளி... அந்தக் காசு... அதை நீ எடுக்கலடா," என்றான் மாதேஸ்வரன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றான் அறப்பளி.

மாதேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்தது இதுதான். மாதேஸ்வரன் சேலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பழங்காசு சேர்ப்பதில் பைத்தியம். அவனிடம் உள்ளவற்றிலேயே உசத்தி ஏழு பொற்காசுகள். அந்தக் காலத்தில் 'பணம்' என்று சொல்வார்களே, அந்த வகை. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். வீட்டில் வைத்தால் திருடு போய்விடும் என்று பயந்து, பழைய பிலிம் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்துப் போட்டு, போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோவான். அப்படி ஒரு புத்திசாலி!

போன தை மாதம் அறப்பளியோடு ஊதல் குகைக்குப் போனான். மலையேற வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டி அறப்பளிதான். குகையின் மறுவாசலில் மலைத்தேனீக்கள் சூழ்ந்துகொண்டன. மாதேஸ்வரனுக்கு நாற்பது கொட்டு! நினைவு தப்பியவனை முதுகில் சுமந்துகொண்டு மூன்று மைல் இறங்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் காவல் இருந்தவன் அறப்பளி. கண் விழித்த மாதேஸ்வரன் முதலில் என்ன செய்தான்? பையைத் துழாவினான். டப்பா இல்லை. அந்த நாளே அவன் நினைவில் பாதி அழிந்துபோயிருந்தது. பை மூன்று நாளும் அறப்பளியிடம்தானே இருந்தது? அப்புறம் என்ன, காசு சேர்க்கும் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, சந்தை நாளில், "திருடன்" என்று சந்தைக் கோடி வரை கேட்கக் கத்தி, ஊரே பார்க்க அறப்பளியின் வீட்டைச் சோதனை போட்டான்.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் திருட்டுப் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அறப்பளியை நம்பி ஒரு பிள்ளைகூட மலையேற வரவில்லை. கூலிக்கு மிளகு பறித்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம்தான் குட்டு உடைந்தது. அன்று தேனீக்களிடமிருந்து தப்பி ஓடும்போது உடைந்த மாதேஸ்வரனின் செல்போனை அக்கா ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாள். உயிர் வந்ததும் உள்ளே ஒரு படம்! பாறை இடுக்கில் பிலிம் டப்பா. பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு. 'ஏழு பணம். தவழும் பாதைக்கு முன், இடது இடுக்கு. திரும்பும்போது எடுக்க.' மாதேஸ்வரனின் சொந்தக் கையெழுத்து, முத்து முத்தாக! எதை எங்கே வைத்தாலும் சீட்டு எழுதிப் படம் பிடித்துக்கொள்வது அவன் வழக்கம். குறுகலான பாதையில் தவழும்போது டப்பா நசுங்கிவிடும் என்று அவனேதான் வைத்திருக்கிறான். முன்னால் தவழ்ந்து போய்விட்ட அறப்பளி அதைப் பார்க்கவில்லை. தேனீ துரத்தியதில் திரும்பவே இல்லை.

படத்தைப் பார்த்த அன்று அவன் சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியாமல் போய் எடுத்துவந்து, அலமாரியில் கிடந்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தான். அக்கா காறித் துப்பாத குறை.

"குகைக்கு வழி உங்களுக்குத் தெரியாது. அதான் வந்திருக்கீங்க," என்றான் அறப்பளி.

"அதுக்கும்தான். மன்னிப்புக் கேக்கவும்தான்," என்றான் மாதேஸ்வரன்.

அறப்பளி கயிற்றுச்சுருளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "இன்னிக்குச் சந்தை. சாயந்தரம் வரைக்கும் சனம் இருக்கும். டப்பா கெடச்சா சந்தையில நின்னு சொல்லணும். கெடைக்கலேன்னாலும் சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்று தம்பிக்கு முன்னால் அக்கா சொன்னாள்.

புறப்பட்டார்கள்! காப்பித் தோட்டம் தாண்டி, ஓடை தாண்டி, முழங்கால் உயரப் புல்லில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அட்டைகள் காலில் ஏறின. மாதேஸ்வரன் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் அறப்பளி கை கொடுத்துத் தூக்கினான், தூக்கியதும் கையை எடுத்துக்கொண்டான்.

குகை வாசலில் காற்று 'ஊ...' என்று ஊதியது.

"சத்தம் போடாதீங்க. மேல பாருங்க," என்று கிசுகிசுத்தான் அறப்பளி.

இந்தப் பக்க வாசலிலும் இப்போது ஒரு தேனடை! முறம் அளவு அகலம். மாதேஸ்வரனின் பழைய நாற்பது கொட்டும் ஒன்றாக அரித்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளே நழுவினார்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் வௌவால்கள் சிதறிப் பறந்தன. நூறு தப்படி நடந்ததும் தவழும் பாதையின் வாய் தெரிந்தது. இடது பக்கம் அதே இடுக்கு!

மாதேஸ்வரன் பாய்ந்துபோய்க் கையை விட்டான். சேறு. இன்னும் ஆழமாக விட்டான். சேறுதான்.

"இல்ல! இங்க இல்ல!"

சொல்லிக்கொண்டே திரும்பினான். அவன் கண் போன இடம் அறப்பளியின் முகம். ஒரு நொடிதான். இடத்தைக் கண்டுபிடித்து முன்பே வந்து எடுத்திருப்பானோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்துவிட்டது. அறப்பளி அதைக் கண்டுகொண்டான். அக்காவும் கண்டுகொண்டாள்.

"அட சண்டாளா! இப்பவுமா?" என்றாள் அக்கா.

மாதேஸ்வரனுக்கு அந்த இடத்திலேயே பாறை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னை அடிச்சுடுடா அறப்பளி," என்றான்.

அறப்பளி அடிக்கவில்லை. குனிந்து இடுக்கின் அடியை விளக்கால் பார்த்தான். "மழைத்தண்ணி உள்ள பூந்து ஓடியிருக்கு. தடம் தெரியுதா? டப்பா மூடி இறுக்கமா இருந்தா மெதக்கும். இந்த ஓட்டை கீழ குட்டைக்குத்தான் போகும்."

இடுக்குக்கு அந்தப் பக்கம் கிணறு போல ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்று ஆள் ஆழம். அடியில் கறுப்பாகத் தண்ணீர் மின்னியது.

"நீ எறங்குறியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் மாதேஸ்வரன்.

"மாட்டேன். நான் தொட்டு எடுத்தா, நான்தான் கொண்டாந்து போட்டேன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். நீங்களே எறங்குங்க. கயித்த நான் புடிக்கறேன்."

நியாயம்தானே! மாதேஸ்வரனுக்கு மாடிப்படியில் வேகமாக இறங்கினாலே தலை சுற்றும். ஆனாலும் இடுப்பை நீட்டினான். அறப்பளி முடிச்சுப் போட்டு, கயிற்றைப் பாறையில் ஒரு சுற்று சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். யாரைத் திருடன் என்றானோ அவன் கையில்தான் இப்போது உயிர்!

இறங்கினான். பாசி வழுக்கியது. கால் வைத்த கல் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் 'தொபுக்' என்று விழுந்தது. பாதி ஆழத்தில் விளக்கைச் சுழற்றினான். அதோ! குட்டையின் ஓரத்தில் சருகும் சுள்ளியும் அடைந்துகிடந்த குப்பையில் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில்...

"டப்பா! அக்கா, டப்பா!"

எட்டிப் பிடித்தான். பிடித்த வேகத்தில் இரண்டு காலும் சறுக்கின. மடேரென்று கீழே போனான். அக்கா அலறினாள். கயிறு வெடுக்கென்று இறுகி அவன் விலாவை நெரித்தது. மேலே அறப்பளி பாறை விளிம்பு வரை இழுபட்டு, குதிகாலை ஊன்றி நின்றான். உள்ளங்கை கிழிந்து கயிற்றில் ரத்தம் இறங்கியது.

"டேய் மாதேசு! கயித்த விடாதடா! ரெண்டு கையாலயும் புடி!"

"டப்பா கையில இருக்குடா!"

"டப்பாவ விட்டுத் தொலைடா கிறுக்கா!"

விட்டானா? சட்டைக்குள் போட்டுக்கொண்டான். காசுக்காக அல்ல, சத்தியமாக. அது இல்லாமல் மேலே போனால் அறப்பளியின் பேர் எப்படித் திரும்பும்? இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி ஏறினான். அக்காவும் சேர்ந்து இழுத்தாள். ஒருவழியாக விளிம்பில் வந்து விழுந்தான்.

மூடியைத் திறந்தார்கள். பஞ்சு நனையவே இல்லை. ஏழும் மஞ்சளாகச் சிரித்தன. மாதேஸ்வரன் அவற்றைப் பார்க்கவில்லை, அறப்பளியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டான். இந்தத் தடவை அறப்பளி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெயில் சாய்வதற்குள் சந்தைக்கு வந்துவிட்டார்கள். அன்னாசிக் குவியல், மிளகு மூட்டை, வாழைத்தார், நடுவில் இருநூறு முன்னூறு சனம். சேறும் ரத்தமுமாக மூன்று பேர் வருவதைப் பார்த்துக் கூட்டம் தானாகவே வழி விட்டது. அன்று சோதனை போட்டவன் இவன்தான் என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். மாதேஸ்வரனுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. குகையில் தொங்கியபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

"காசை அறப்பளி எடுக்கல," என்றான். "நான்தான் குகையில வச்சுட்டு மறந்துட்டேன். என்னைச் சுமந்து காப்பாத்துனவனைத் திருடன்னு சொன்னேன். அது பொய். தப்பு என்னோடது."

சொல்லி முடித்து, போதுமா என்பது போல அறப்பளியைப் பார்த்தான்.

அறப்பளி கட்டுப்போட்ட கையைத் தூக்கி, கோடியில் இருந்த வாழைத்தார் வரிசையைக் காட்டினான்.

"அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் கேக்கல மாதேசு. அன்னிக்கு அங்க வரைக்கும் கேட்டுது. திரும்பி நின்னு சொல்லு."

மாதேஸ்வரன் திரும்பி நின்றான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. தொண்டை கிழிய, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி சொன்னான்.