கடைசிப் பெண்பூ

இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். போன வருஷம் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்த கூலி. தையல்காரியின் அண்ணன் அதை மெக்கானிக்குக்குக் கொடுக்கவே இல்லை. “ஒரே வாரத்துல மறுபடி நின்னுபோச்சு, காசு எதுக்கு?” என்று நடுத்தெருவில் கத்தினான். “தொட்டியில தண்ணியில்லாம ஓட்டினா நிக்காதா?” என்று மெக்கானிக்கும் கத்தினான். அன்றோடு பேச்சு அறுந்தது.

தையல்காரியிடம் இருந்தது ஒரே ஒரு தர்பூசணிக் கொடி. இலையெல்லாம் மஞ்சள் பொட்டு, அந்த இனத்துக்கே உரிய அடையாளம். செத்துப்போன அம்மா வருஷா வருஷம் பழத்திலிருந்து விதையெடுத்து, மாறாமல் காத்த இனம். கடையில் கிடைக்காது. எலி தின்றது போக முளைத்தது இது ஒன்றுதான். அதில் இன்று கடைசிப் பெண்பூ விரிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கடைவிதைப் பூந்தூளைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடாதபடி நேற்றே துணிப்பை கட்டியிருந்தாள். ஆனால் ஆண்பூக்களை... அணில் ஒன்றுவிடாமல் தின்றிருந்தது!

வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். மழை விழுந்தாலும் போச்சு. வானமோ கறுத்து நின்றது.

புத்தி பேதலித்துப் பின்தெருவில் ஓடியவளின் கால் சட்டென்று நின்றது. ஒரு தகர வேலிக்கு மேல்... மஞ்சள் பொட்டு இலை! கதவைத் தட்டினாள்.

திறந்தவன் மெக்கானிக். கையில் கிரீஸ், கண்ணில் தூக்கம். ஐயோ, இவன் வீடா... திரும்பிவிடலாமா?

“காசு கொண்டாந்தீங்களா?”

“இல்ல... ஒரு பூ வேணும்.”

“காசுக்குப் பதிலா என்கிட்டயே பூவா? நல்லாருக்குங்க கணக்கு!”

“விளையாடாதீங்க. தேனீ தொடாத ஆண்பூ மொட்டு... மழைக்கு முந்தி.”

“பூவுல ஆம்பளை பொம்பளை வேறயா?”

“அடியில குட்டிக் காய் இருந்தா பொம்பளை. வெறும் காம்புன்னா ஆம்பளை.”

“அது சரி. நாங்க எங்கயும் வெறும் காம்புதான்.”

சிரிப்பை உதட்டில் கடித்து அடக்கினாள். அவன் கொடி இளசு, பெண்பூவே வரவில்லை. வருவதற்குள் மழைக்காலம் அதை அழுகவைத்துவிடும்.

“இந்த விதை உங்களுக்கு ஏது?”

அவன் குனிந்து ஒரு மொட்டைப் பறித்து நீட்டினான். காதுமடல் சிவந்தது.

முதல் துளி விழுந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்கு அவனும் ஓடிவந்தான். பூவுக்குக் குடை, அவனுக்கு மழை. துணிப்பையை அவிழ்த்து, மொட்டின் இதழைப் பிய்த்து, பூந்தூளைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினாள். நிமிர்ந்தால்... அவன் கண், இமையெல்லாம் நீர், இத்தனை பக்கத்தில்!

“யோவ்! காசுக்கு வீடேறியே வந்துட்டியா?” பின்வாசலில் அண்ணன்.

குடை நடுங்கியது. “ஆட்டாதீங்க!” என்று சீறினாள். “அண்ணே, கத்தாதே... இது அம்மாவோட கடைசிப் பூ.”

அண்ணன் பூவைப் பார்த்தான். “முடிஞ்சதும் போயிடணும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் துணிப்பையைக் கட்டினாள். மெக்கானிக் மழையோடு கிளம்பிப் போனான்.

பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால் அம்மாவின் இனம் அதோடு சரி. அந்த நாட்களில் அவள் ரவிக்கையின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்தாள், பிரித்தாள். பிஞ்சுக்காக மட்டுமா இந்தப் படபடப்பு... அவளுக்கே தெரியவில்லை.

ஒரு விடியலில் பிஞ்சு தலைகுனிந்து, மினுமினுவென்று எலுமிச்சை அளவு உப்பியிருந்தது. “அண்ணே!”

ஓடிவந்தவன் குத்துக்காலிட்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். கண்ணைத் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். அவள் வாசலுக்கு ஓடினாள். எங்கே? மறுபடி சண்டையா?

தூறலில், மெக்கானிக்கின் கையைப் பிடித்து அண்ணன் வாசல்வரை கூட்டிவந்தான். நோட்டுகளை நீட்டினான்.

“எண்ணிக்கோ. நீ சொன்னதுதான் சரி... தொட்டியில தண்ணியில்ல.”

மெக்கானிக் எண்ணினான். “சரியா இருக்கு. இனிமே பாக்கி எதுவும் இல்லல்ல?”

“இல்லய்யா.”

“அப்ப கேட்கலாம். பாக்கி வர வேண்டியவன் பொண்ணு கேட்டா மிரட்டற மாதிரி இருக்கும்னுதான் இத்தனை நாள்...” அவன் நோட்டுகளை மடித்தான். “மோட்டார் பார்க்க வந்த அன்னிக்கு உங்க தங்கச்சி ஒரு துண்டு பழம் குடுத்தாங்க. கொட்டையைத் துப்ப மனசே வரல. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போய் வேலியோரமா நட்டேன்.”

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தாள்.

“உள்ள வரச் சொல்லுண்ணே... நனையறார்ல.”