நான்கு விநாடி மேடு

இலிங்கா கனவு காண்பதில் கெட்டிக்காரி. அதற்கும் பள்ளியில் மதிப்பெண் கொடுத்திருந்தால் புக்கரெஸ்ட் நகரத்திலேயே அவள்தான் முதல் மாணவி. பாவம், கணக்குக்குத்தான் கொடுக்கிறார்கள்.

கனவு காண அவளுக்குப் பிடித்த இடம் அம்மாவின் டிராலிபஸ். பள்ளி விட்டதும் ஏறிக்கொள்வாள். அம்மா டொம்னிக்கா முன்னால் வண்டி ஓட்டுவார். இலிங்கா கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவின் வேலை முடியும்வரை ஊரைச் சுற்றுவாள்.

டிராலிபஸ் தன் இரண்டு நீளக் கைகளால் மேலே இருக்கும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்று முனகியபடி போகும். அது ஜூன் மாதம். தெருவெல்லாம் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. ஜன்னல் வழியாகத் தேன் வாசனை வந்து நிறையும். வண்டி தரையில் ஓடவில்லை, அந்த வாசனையில் மிதக்கிறது என்றே இலிங்காவுக்குத் தோன்றும். கண்கள் தாமாகச் சொருகும்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் மிதந்துகொண்டிருந்தாள். கடைசி நிறுத்தத்தில் ஸ்மரண்டா மடிக்கணினியோடு ஏறினாள்.

ஸ்மரண்டா பல்கலைக்கழகத்தில் போக்குவரத்தை ஆராய்கிறவள். ஓட்டுநர்கள் எப்போது களைத்துப்போகிறார்கள், எங்கே கவனம் சிதறுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவின் ஸ்டியரிங்கில் சாம்பல் நிற உறை ஒன்றை மாட்டியவள் அவள்தான். எந்த நொடியில் எந்தக் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது என்று அந்த உறைக்குத் தெரியும்.

"கேமரா எல்லாம் கிடையாது அக்கா. உங்க முகம் எனக்கு வேண்டாம், கை போதும்" என்று அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று திரையைக் காட்டினாள். நேரான பச்சைக் கோடு ஒன்று ஓடியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் குபீரென்று ஒரு மேடு.

"இதென்ன, ஒட்டகத்து முதுகு மாதிரி?" என்றார் அம்மா.

"உங்க வலது கைய ஸ்டியரிங்க விட்டு எடுத்த நேரம். நாலு விநாடி. மருந்துக்கடை வளைவுக்கு முன்னாடி. ஒரு நாள் இல்ல அக்கா, தினமும். ஒவ்வொரு தடவையும் அதே இடம்."

"நானா? கைய எடுக்கிறேனா? பதினோரு வருஷமா ஓட்டுறேன், நீ நல்லா கேட்ட போ!"

ஸ்மரண்டா தயங்கினாள். "போன் ஏதாவது பாக்குறீங்களா? டெப்போ மேலாளர் அப்படித்தான் நினைக்கிறாரு. நாலு விநாடியில உங்க வண்டி நாப்பது மீட்டருக்கு மேல போயிடும் அக்கா. அந்த வளைவுல ஜனங்க ரோட்டக் கடக்குறாங்க. திங்கட்கிழமை நான் அறிக்கை குடுக்கணும். காரணம் தெரியலன்னா உங்கள வண்டி கழுவுற வேலைக்கு மாத்திடுவேன்னு சொல்லிட்டாரு."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "என் போன் பையில கிடக்கு. பை கொக்கியில கிடக்கு. நான் கையே எடுக்கல!"

அம்மா பொய் சொல்ல மாட்டார். உறைக்கும் பொய் சொல்லத் தெரியாது. ஸ்டியரிங் இல்லாத அம்மாவை இலிங்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் அவள் கடைசி இருக்கைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் மூடி திறந்த நீலப் பேனா. அம்மாவின் வலது கை அசைந்தால் உடனே எழுத வேண்டும். இன்றைக்குக் கனவே கூடாது!

வண்டி முனகியது. லிண்டன் வாசனை வந்தது. ரொட்டிக்கடை போயிற்று. எதிர்வெயில் அம்மாவின் கம்மலில் பட்டுப் பட்டு மின்னியது. அந்த மின்னலுக்குள் ஒரு குட்டி டிராலிபஸ் போவதுபோல இருந்தது. அதற்குள் ஒரு குட்டி இலிங்கா...

"கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க!"

இலிங்கா திடுக்கிட்டாள். நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏண்டி, மூஞ்சியில என்ன அது? ஐயையோ, வெள்ளைச் சட்டை! நேத்துதானே துவைச்சேன்!"

ஜன்னல் கண்ணாடியில் இலிங்கா தன்னைப் பார்த்துக்கொண்டாள். நெற்றியில் நீலப் புள்ளி. வயிற்றுக்கு மேல் நீலப் புள்ளி. வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் மூன்று மூன்று புள்ளிகள்.

நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். பேனா பிடித்த கையை மெல்ல அந்த வரிசையில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்குச் சிலிர்த்தது.

"அம்மா! நான் சிலுவை போட்டிருக்கேன்! மூணு தடவை! எனக்கே தெரியாம!"

"தேவாலயத்தத் தாண்டும்போது எல்லாரும் போடுறதுதானே. அதுக்கு எதுக்குச் சட்டையப் பாழாக்கின?"

"ஆனா நம்ம ரூட்டுல தேவாலயமே இல்லையேம்மா!"

அம்மா தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த சுற்றில் இலிங்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். கண்ணை அகல விழித்தாள். மருந்துக்கடை வளைவுக்கு முன்னால், அம்மாவின் வலது கை தூக்கத்தில் எழுவதுபோல மெதுவாக மேலே எழுந்தது. நெற்றி, வயிறு, தோள், தோள். மூன்று தடவை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

அம்மா மட்டுமா? முட்டைக்கோஸ் பையோடு நின்றவர் போட்டார். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி அண்ணன் போட்டார். பாதி வண்டி போட்டது. யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. இலிங்காவின் கைகூடத் தொடைக்கு அடியில் துடித்தது.

எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? தெருவில் பத்து மாடிக் கட்டடங்கள்தான் வரிசையாக நின்றன.

சனிக்கிழமை காலை, "அடுத்த சுத்துல ஏறிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு வளைவுக்கு அப்பால் உள்ள நிறுத்தத்தில் இறங்கினாள். எழுபது தப்படி பின்னால் நடந்தாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து, ஒரு வண்டி நுழையும் அகலம். அதன் வழியே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே, நிறுத்திவைத்த கார்களுக்கும் காயும் துணிகளுக்கும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். தகரக் கூரை, அதன்மேல் சிலுவை. யாரோ அதை அங்கே ஒளித்துவைத்துவிட்டு எடுத்துப்போக மறந்ததுபோல இருந்தது. லிண்டன் பூக்கள் அதன்மேல் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன.

"அந்த பத்தாம் நம்பர் ஸ்பானர எடு" என்றது ஒரு குரல்.

இலிங்கா துள்ளினாள். பக்கத்தில் ஒரு பழைய கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் ஸ்பானரைக் கொடுத்தாள்.

"நன்றிடா மிர்ச்சா."

"நான் மிர்ச்சா இல்ல மாமா. இலிங்கா."

"அப்படியா? மிர்ச்சா எங்க போனான்? சரி, நான் ரேலு."

"மாமா, இந்தத் தேவாலயம் ஏன் இங்க ஒளிஞ்சிருக்கு?"

"ஒளியல பாப்பா, தள்ளிட்டாங்க" என்றன கால்கள். "முன்னாடி ரோட்டு மேலேயேதான் இருந்துச்சு. இந்தக் கட்டடமெல்லாம் கட்டணும்னு இடிக்க வந்தாங்க. ஒரு பொறியாளர் விடல. அடியில தண்டவாளம் போட்டு, அப்படியே முழுசா நகத்திக் கொண்டாந்து இங்க வச்சிட்டாரு. எங்க அப்பா பாத்திருக்காரு. ஆமை மாதிரி நகந்துச்சாம். உள்ள ஒரு விளக்குகூட அணையலையாம். விளக்கு விஷயத்துல அவரு கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாரு."

"ரோட்டுல போனா இது தெரியுமா?"

"அந்தச் சந்து வழியா தெரியும். கண்ண ஒரு தடவ சிமிட்டுற நேரம்."

இலிங்கா திரும்பி ஓடினாள். ஓட்டத்திலேயே கத்தினாள்: "ரொம்ப நன்றி மாமா!"

"மிர்ச்சாவப் பாத்தா வரச் சொல்லு!" என்றன கால்கள்.

அன்று மதியம் அம்மாவும் மகளும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடையாது போலிருக்கிறது. ஸ்மரண்டா எள் தூவிய கொவ்ரிக் ரொட்டி வளையத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அரையிருட்டான அந்த அறையில், பாதியாக வெட்டிய பேருந்து முகப்பு ஒன்று மூன்று பெரிய திரைகளைப் பார்த்து நின்றது. திரையில் அம்மா தினமும் வண்டி ஓட்டும் தெரு ஆளில்லாமல் அமைதியாகக் கிடந்தது.

இலிங்கா சட்டையை விரித்து நீலப் புள்ளிகளைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள்.

ஸ்மரண்டா தலையில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! நானும் போடுறவதான். என் தெருவுல ரெண்டு தேவாலயம்! ரெண்டு மாசமா அந்தப் பச்சைக் கோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு நாளாவது வண்டியில வந்து பாத்திருக்கலாம்ல?"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஸ்மரண்டா மறுபடி யோசனையில் ஆழ்ந்தாள்.

"காரணம் தெரிஞ்சிடுச்சு. போன் இல்லன்னு எழுதிடுவேன். ஆனா நாலு விநாடி நாலு விநாடிதானே அக்கா. ரோட்டக் கடக்குறவங்களுக்கு அது போனா இருந்தா என்ன, சிலுவையா இருந்தா என்ன?"

"இவ்வளவுதானே? இனிமே போடல. முடிஞ்சது" என்றார் அம்மா.

"இதுல ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

அம்மா பாதிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். திரையில் தெரு நகர ஆரம்பித்தது. ரொட்டிக்கடை வந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பொம்மைக் கட்டடங்களுக்கு நடுவே அந்தச் சந்து வந்தது. படத்தில் தேவாலயம்கூட இல்லை. ஆனாலும் கை எழுந்தது! நெற்றி, வயிறு, தோள், தோள்.

"இந்தக் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குதே!" என்று அம்மா அழாத குறையாகச் சொன்னார்.

இலிங்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத தெரு, சந்து, வளைவு, அதற்கும் அப்பால் நிறுத்தம். தேவாலயத்தையே நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு கம்பத்தை நகர்த்த முடியாதா?

"மேடம், அந்த ஸ்டாப்ப எழுபது தப்படி பின்னாடி கொண்டுவர முடியுமா? சந்துக்கு நேரா? அப்போ கை மேல போகும்போது வண்டி நின்னுக்கிட்டிருக்கும்ல?"

ஸ்மரண்டா விசைகளைத் தட்டினாள். திரையில் நிறுத்தக் கம்பம் தரையைவிட்டு எழும்பி, காற்றில் மிதந்து வந்து, சந்துக்கு எதிரே இறங்கியது.

"அக்கா, மறுபடி ஓட்டுங்க" என்றாள் மெல்ல.

மேலாளர் முதலில் முனகினார். அறிக்கையைப் படித்துவிட்டு மறுபடி முனகினார். கடைசியில் நிறுத்தத்தை நகர்த்தச் சம்மதித்தார்; அதுவரை அந்த இடத்தில் நடை வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்றார். இரண்டு வாரம் கழித்து, பழைய டயருக்குள் சிமென்ட் கொட்டி நட்ட தற்காலிகக் கம்பம் ஒன்று சந்துக்கு எதிரே வந்து நின்றது.

முதல் நாள் காலை ஸ்மரண்டா மடிக்கணினியோடு வண்டியிலேயே வந்தாள். ரொட்டிக்கடை போயிற்று. அம்மா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பூப்போலக் கம்பத்தருகே நிறுத்தினார். கதவு திறந்தது. சந்துக்குள் தகரக் கூரை வெயிலில் மின்னியது. கைகள் எழுந்தன. பாதி வண்டி, ஸ்மரண்டா, அம்மா, இலிங்கா. யாருக்கும் அவசரமில்லை.

கையெல்லாம் கறுப்பு மசகோடு ஒருவர் ஏறினார். குரலைக் கேட்டதும்தான் ரேலு மாமாவுக்கு மீசை உண்டென்று இலிங்காவுக்குத் தெரிந்தது.

கதவு மூடியது. அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்குக்கு வந்தன. வண்டி வளைவில் திரும்பி, ரோட்டைக் கடப்பவர்களுக்காக அழகாக நின்று, "ம்ம்ம்ம்" என்று தொடர்ந்து போயிற்று.

ஸ்மரண்டா திரையைத் திருப்பிக் காட்டினாள். வண்டி ஓடிய இடமெல்லாம் கோடு மேசைபோலச் சமமாக இருந்தது.

அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே! வண்டி ஓடும்போது நான் கையே எடுக்க மாட்டேன்னு!"

இலிங்காவும் ஸ்மரண்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலிங்கா எழுந்து கடைசி இருக்கைக்குப் போய், ஜன்னலில் தலையைச் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து கனவைத் தொடர்ந்தாள்.