ஆடாத இடம்

"இதையும் வண்டியில ஏத்துங்க பாஸ்டர்!"

சுருள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் தச்சரின் மகள். தலைமுடி மரச்சீவல் போலச் சுருண்டிருந்ததால் பாஸ்டர் வைத்த செல்லப்பெயர் அது. இப்போதெல்லாம் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

அவள் இடுப்பில் ஒரு குட்டி ஸ்டூல்.

கட்டில், மேசை, புத்தக மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. பாஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார்.

அவர் ரொம்பக் குள்ளம். ஆலயத்தில் இருக்கும் பிரசங்க பீடமோ ரொம்ப உயரம். அதன் பின்னால் அவர் ஏறி நிற்பதற்காகச் சுருளின் அப்பா செய்து கொடுத்ததுதான் இந்த ஸ்டூல். அதில் ஒரு கால் மட்டும் கொஞ்சம் கட்டை.

"சரி பண்ணித் தரேன் பாஸ்டர்" என்று அப்போதே சொன்னார் அப்பா.

"வேணாம்ப்பா. ஆடினாத்தான் என் பிரசங்கத்துல எனக்கே தூக்கம் வராது!"

ஆடாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்பார். நின்று நின்று வண்ணம் தேய்ந்து, இரண்டு பாதங்களின் தடம் விழுந்துவிட்டது.

"இது ஆலயத்துக்குன்னு உங்கப்பா செஞ்சதும்மா. புதுசா வர்றவருக்கு வேணுமே" என்றார் பாஸ்டர்.

"அவருக்கு வேணாம். அவரு நெட்டையா இருப்பாரு."

"நீ பாத்தியா?"

"இல்ல. ஆனா இருப்பாரு!"

பாஸ்டர் சிரிக்கவில்லை. அவள் சொல்வதைக் கேட்டு அவர் என்றுமே சிரித்ததில்லை. "செத்துப்போன நாய்க்குட்டிக்கு ஜெபம் பண்ணுவீங்களா?" என்று அவள் கேட்டபோதும், வெள்ளை அங்கியோடு வந்து குழியருகே நின்றவர் அவர்.

"நீங்க போகாம இருக்க முடியாதா?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"முடியாதும்மா."

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

சுருள் ஸ்டூலை ஆலயத்துக்குக் கொண்டுபோகவில்லை. தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அழுகை வரும்போதெல்லாம் கையை நீட்டி அந்தத் தடங்களைத் தடவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பாஸ்டர் வந்தார். பூங்கொத்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் போனார். போனவர் காணாமல் போய்விட்டார்!

முன்வரிசைக்கு அவர் நெற்றி தெரிந்தது. பின்வரிசைக்கு அதுவும் இல்லை.

"குரல் மட்டும் வருது, ஆளைக் காணோம். பாஸ்டருக்குப் பதிலா ரேடியோவை அனுப்பிட்டாங்களா?" என்று முணுமுணுத்தார் தையல்கார மாமா. பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

அம்மா குனிந்து, "அந்த ஸ்டூல் எங்கடி?" என்றாள்.

சுருள் பீடத்தின் விளிம்பைப் பிடித்திருந்த பத்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனிக்காலில் நிற்கிறார் போலிருக்கிறது.

"போன வாரம்... நான் இருந்த சபையில... என்னை வழியனுப்ப வந்த பிள்ளைங்க..."

பீடத்தின் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள்.

சுருள் எழுந்து வெளியே ஓடினாள். அடுத்த தெருதான் வீடு. திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஸ்டூல் இருந்தது. எல்லோரும் பார்க்க, நடுவே நடந்து போய்ப் பீடத்தின் பின்னால் வைத்தாள்.

புதுப் பாஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

"இது யாரோட கால்தடம்மா?"

"எங்க பாஸ்டரோடது."

அவர் செருப்பைக் கழற்றினார். தடங்களை மிதிக்காமல் ஓரமாக ஏறி நின்றார். ஸ்டூல் லொடக்கென்று ஆடியது. சட்டென்று பீடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை சுருள்கூடச் சிரித்திருக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க இல்ல பாஸ்டர். அந்தத் தடத்து மேலயே நில்லுங்க. அங்கதான் ஆடாது."

அவர் ஒவ்வொரு காலாக நகர்த்தி வைத்தார்.

பீடத்துக்கு மேலே ஒரு முகம் முழுதாகத் தெரிந்தது.