எதிர் நாற்காலியில் ஒருவன்

"மேடம்... பிணம் சிரிக்குது!"

ஏட்டு கம்ப்யூட்டர் திரையைக் காட்டி அலறினார்.

"உசிரோட இருந்தப்ப பதிவானது ஏட்டய்யா. சிரிக்கத்தான் செய்வார்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மருந்துக் கடை முதலாளி பின்பக்கக் கிடங்கில், கழுத்தில் நைலான் கயிற்றோடு கிடந்தார். கடையில் ஒரே ஒரு கேமரா. அதுவும் கல்லாவையும் முதலாளியையும் தவிர வேறு எதையும் பார்க்காத கேமரா. சத்தமும் பதிவாகாது. கேட்டால், சிக்கனமாம்!

திரையில் முதலாளி எதிரே இருந்த யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

அந்த யாரோ... திரைக்கு வெளியே!

"ஆள் தெரியலியே மேடம். நம்ம நேரம்!"

"முதலாளியையே பாருங்க. அவரே காட்டிக் குடுப்பார்."

"செத்தவரா?!"

"ரெண்டு பேர் மனசு விட்டுப் பேசினா, உடம்பும் கூடவே பேசும். ஒருத்தர் முன்னாடி சாய்ஞ்சா அடுத்தவரும் சாய்வார். ஒருத்தர் இடுப்புல கை வெச்சா... உங்க கை எங்கே இருக்கு?"

ஏட்டு குனிந்து பார்த்தார். இடுப்பில். அவளுடைய கையும் இடுப்பில்தான்.

"ஐயையோ!" என்று சட்டென்று கையை எடுத்தார்.

அவள் திரைக்குத் திரும்பினாள். முதலாளி வாய் மூடிக் கேட்கும்போதெல்லாம் கட்டைவிரலால் புருவத்தை நீவினார். நீவிய விரல் அப்படியே இறங்கிக் காது மடலை மடக்கி விட்டது.

இன்ஸ்பெக்டர் அந்த அசைவைத் திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

புருவம்... காது மடல்...

தம்பி!

அம்மா அப்பா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி. இதே கடையில் வேலை பார்த்தவன். போன வாரம்தான் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட்டான்.

"அது முதலாளியோட பழக்கமா இருக்கும் மேடம்."

"மத்தவங்களோட பேசறப்ப மரக்கட்டையாட்டம் உட்கார்ந்திருக்காரே ஏட்டய்யா..."

முதலாளி சிரித்தபடி எழுந்தார். எதிராளியின் பின்னாலேயே திரையை விட்டு வெளியேறினார். அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் அவள் அறைந்த தடம்.

"நான் கடைப் பக்கமே போகலைக்கா..."

சொல்லிவிட்டுப் புருவத்தை நீவினான். காதை மடக்கினான்.

"இதோ! இதுதாண்டா உன்னைக் காட்டிக் குடுத்துச்சு! அந்த ஆள் உன்னைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கார்!"

தம்பியின் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"சண்டை எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியாக்கா? காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி வித்தாங்க. முதலாளி பயந்துட்டார். சப்ளை பண்றவன் யாருன்னு உன்கிட்டயே வந்து சொல்லப்போறேன்னார். நான்தான் கெஞ்சினேன், வேண்டாம்னு. அதுலதான் சண்டை!"

"ஏண்டா வேண்டாம்னே? யாருடா அவன்?"

"சின்ன வயசுல நான் இப்படிக் காதை மடக்குவேனா? யோசிச்சுப் பாரு. உன் கல்யாணத்துக்கு அப்புறம், தினம் யார் எதிர்ல உட்கார்ந்து பேசிப் பேசி இது என்கிட்ட ஒட்டிக்கிச்சு?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

புருஷன்!

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. வாயாலேயே ஊரை வளைத்துப் போடுகிற மனிதன். அந்தக் காது மடக்கலைத் தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போயிருக்கிறது.

"உன் குடும்பம் போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்க்கா. நீ... முதல்ல என்னைத்தான் நினைச்சே, இல்லே?"

புருஷனைப் பிடித்தால் வீடு இல்லை. விட்டால் தம்பி இல்லை. பிடித்தாலும் தம்பி இனி பழைய தம்பியாக வரப்போவதில்லை.

ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். தம்பிக்காக வக்கீலையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கார். தங்கமான மனுஷன் மேடம்! இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தேன், நேரம் போனதே தெரியலை."

சொல்லிக்கொண்டே ஏட்டு கட்டைவிரலால் புருவத்தை நீவினார்.

விரல் இறங்கியது...

காது மடலை மடக்கியது!

அவள் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"வாசல் கதவைச் சாத்துங்க ஏட்டய்யா. யாரையும் வெளியே விடாதீங்க."

"ஏன் மேடம்... வக்கீல் வேண்டாமா?"

"வக்கீல் இருக்கட்டும். கட்சிக்காரர்தான் மாறியிருக்கார்!"