இரண்டு தட்டு

காற்று ரம்பத்தின் விசையை விட்ட பிறகும் லாரிக் கதவுக்குள் சத்தம் நிற்கவில்லை. தங்கராஜு காற்றுக் குழாயைக் கழற்றினான். மிச்சக் காற்று உஸ்ஸென்று வெளியேறி அடங்கியது. அதன் பிறகும் கேட்டது. டக், டக்.

முந்தாநாள் ரந்தாவ் சாலையில், காட்டுக்குள் பதுங்கிச் சண்டை போடும் காட்டுக்காரர்கள் சுட்டதில், டிரைவர் ராமசாமி இந்தக் கதவில் சாய்ந்தபடிதான் செத்துப் போயிருந்தான். தோட்டத்துத் துரைக்கு லாரி விடிந்ததும் வேண்டுமாம். ஓட்டப் போவது தங்கராஜுவின் தம்பி சந்திரன். ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் குண்டு துளைத்த தகரத்தை அறுத்தெடுத்துப் புதுத் தகரம் வைத்தாக வேண்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டபோது, துரு கலந்து சிவப்பாக ஒழுகியது. எப்போதும் அப்படித்தான் ஒழுகும், ஆனால் இன்று அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ரம்பத்தின் காற்று வாயில் எண்ணெய் சொட்டுவிட்டு மறுபடி மாட்டினான். பெயிண்ட் கருகும் நாற்றமும், புகைக்கூடத்து ரப்பர் வாடையும், அவற்றுக்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு புளித்த வாடையும் நெஞ்சை அடைத்தன. தகரம் கழன்று விழுந்தது. டார்ச் அடித்துக் கதவுக்குள் பார்த்தான். கண்ணாடித் தூளைத் தவிர ஒன்றுமில்லை.

புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்தான். சூடு ஆறியதும், அதற்குள்ளிருந்து டக், டக்.

அது அவனுடைய தட்டு. வேலை முடிந்த வண்டியின் கதவில் அவன் இரண்டு முறை தட்டினால்தான் இந்தத் தோட்டத்தில் எந்த டிரைவரும் கியர் போடுவான். ராமசாமியையும் அப்படித் தட்டித்தான் அனுப்பி வைத்தான்.

காலையில் மேற்பார்வை மண்டோர் கேட்டில் நிற்க, சந்திரன் வந்து ஏறிக்கொண்டான்.

"இன்னிக்கு வேணாம்டா தம்பி. வெல்டிங் சரியாப் பிடிக்கல."

"மண்டோரு கேட்டுல நின்னு கத்துறாரு, அண்ணே. லேட்டானா எனக்குத்தான் ஏச்சு லா. தட்டுங்க, கெளம்புறேன்."

தட்டக்கூடாது. தட்டாவிட்டால் போகமாட்டான். தங்கராஜு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டான்.

இன்ஜின் உறுமியது. சந்திரன் கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

டக்.

கை அசையவில்லை.

டக்.

"வரேன் அண்ணே," என்றான் சந்திரன், திரும்பாமலே.

லாரி முள்கம்பி வேலியைத் தாண்டி ரந்தாவ் சாலையில் திரும்பியது. கோத்த கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.