இருட்டில் மடிவது

பொழுது சாயும் வேளையில் கணவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டதும், மடியில் கிடந்த அவளுடைய விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கைக்குள் மடிந்தன. அவள் மடிக்கவில்லை. திரையை விலக்கச் சொன்னாள். வெளிச்சம் விழுந்ததும் அவை விரிந்தன.

விதை வங்கியில் அவளுக்கு வேலை. புளிக்கும் அவரைக்கும் உறவான ஒரு காட்டுமரம், அந்த இனத்தின் கடைசி மரம், போன கோடையில் பட்டுப்போயிற்று. எஞ்சியவை அவள் பொறுப்பிலிருந்த ஒரு கைப்பிடி விதைகள். தோல் கல்லைப் போன்றது. அரத்தால் தேய்த்தாள், வெந்நீரில் ஊறவைத்தாள், அமிலத்தில் நனைத்தாள்; முயன்றவை அத்தனையும் அழுகின. அந்த மரத்தின் நெற்றுகளைத் தின்று, விதைகளை வயிற்றில் இளக்கி வெளியேற்றிய விலங்கு எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. ஒரே ஒரு விதை மிஞ்சிய அன்று, ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாதபோது, அவள் அதை விழுங்கினாள்.

அது வெளியே வரவேயில்லை.

கேள்விப்பட்டதும் கணவன் சிரித்தான். "ஆராய்ச்சி பண்ணச் சொன்னா ஆடு மாதிரி மேஞ்சுட்டு வந்திருக்கியே." பிறகு அவளுடைய தீராத தாகத்தையும், வெயில் நகர நகர அவள் நாற்காலியை நகர்த்துவதையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். மருத்துவரான தன் அக்காவிடம் பேசிவிட்டதாகவும், காலையில் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்றும் இப்போது சொன்னான்.

"எடுத்தா அது செத்துடும்."

"எடுக்கலைன்னா?"

அவள் எழுந்து குளியலறைக்குள் சென்று தாழிட்டாள். இருட்டில், சொட்டும் குழாயின் ஓசைக்கு அடியில், காய்ந்த நெற்று வெயிலில் வெடிப்பதைப் போன்ற ஒரு சிறு முறிவு தன் விலா எலும்புகளுக்குள் கேட்பதையும், தான் விடும் ஒவ்வொரு மூச்சிலும் புதிதாக நீர் ஊற்றிய நாற்றுப்பையின் மண்வாடை எழுவதையும் உணர்ந்தபடி நின்றாள். விரல்கள் மடிந்துவிட்டன. முழங்கையால் விளக்கைப் போட்டாள். கண்ணாடிமுன் வாயைத் திறந்தாள்.

நாக்குக்குப் பின்னால் வெளிர்ப்பச்சை. இரண்டு இலைகள். ஒன்றோடொன்று ஒட்டி உறங்கின. வெளிச்சம் பட்டது. பிரிந்தன. மெல்ல விளக்கின் பக்கம் திரும்பின.

கதவு தட்டப்பட்டது. "என்ன பண்ற உள்ள? ஒரு வார்த்தை பேசும்மா."

பேசினால் வாய் மூடும். மூடினால் இருட்டு.

அவள் விளக்கை நெருங்கினாள். தாடை விண்ணென்று வலிக்க, இன்னும் அகலமாகத் திறந்தாள்.